இஸ்லாமியப் பங்குகளும் மரபுவழிப் பங்குகளும்: இடர், ஈட்டம் குறித்த ஓர் ஒப்பீடு

ஷரியா நெறிக்குட்பட்ட பங்குகள் இடர் குறைந்தவை என்று ஒரு சாராரும், ஈட்டம் குறைந்தவை என்று மற்றொரு சாராரும் கருதுகின்றனர். இக்கருத்துகளின் பொருத்தப்பாட்டை மலேசியச் சூழலை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேசியப் பங்குப் பத்திர ஆணையம் ஷரியா பங்குகளின் பட்டியலை 1997ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகிறது. வட்டிசார் வங்கித்தொழில், சூதாட்டம், மது முதலியவற்றால் வரும் வருமானம் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். 2013 நவம்பர் முதல், வட்டிசார் கடன் மொத்தச் சொத்தில் 33 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது.

இவ்விதிகளால் இரு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவதாக, தெரிவு சுருங்குவதால் இடரைப் பரவலாக்கும் வாய்ப்புக் குறைகிறது. 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் வகுத்த கோட்பாட்டின் வழி இதனை உணரலாம். இரண்டாவதாக, கடன்சுமை மிக்க நிறுவனங்கள் விலக்கப்படுவதால் கடன்வழி இடர் தணிகிறது. இவற்றுள் எது மேலோங்கும் என்பதைக் கோட்பாடு மட்டும் தீர்மானிக்க இயலாது.

துறைச் சார்பும் இங்கு முதன்மை பெறுகிறது. மரபுவழி வங்கிகள் இடம்பெறாமையால், ஷரியா குறியீட்டில் பிற துறைகளின் எடை கூடுகிறது. 2020இல் பெருந்தொற்றின்போது இரப்பர்க் கையுறை நிறுவனப் பங்குகள் உயர்ந்தன. எமாஸ் ஷரியா குறியீடு எமாஸ் குறியீட்டினும் மிகுதியாக ஏறியது. 2021இல் அப்பங்குகள் சரிந்தபோது அதுவே மிகுதியாக இறங்கியது. ஆகவே, ஓராண்டு ஈட்டத்தை மட்டும் நோக்கி நெறியின் பயனை அளவிடுதல் பிழையாகும். எமாஸ் ஷரியாவை 30 பெருநிறுவனங்களை மட்டுமே கொண்ட கோலாலம்பூர்க் கூட்டுக் குறியீட்டோடு ஒப்பிடுதலும் பொருந்தாது.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஊழியர் சேமநிதி வாரியம் 2017இல் தொடங்கிய ஷரியா சேமிப்பில் எல்லாச் சமயத்தாரும் சேரலாம். சேர்ந்தபின் மரபுவழிச் சேமிப்புக்குத் திரும்ப இயலாது. மரபுவழிச் சேமிப்புக்குரிய 2.5 விழுக்காட்டுக் குறைந்தபட்ச உத்தரவாதம் இதற்கில்லை. 2017 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் மரபுவழிச் சேமிப்பின் இலாப ஈவே கூடுதலாக இருந்தது. 2022இல் அது 5.35 விழுக்காடு, ஷரியா சேமிப்புக்கு 4.75 விழுக்காடு. 2024இல் இரண்டிற்கும் 6.30 விழுக்காடே வழங்கப்பட்டது. இச்சேமிப்புகளில் பங்குகளோடு பிற முதலீடுகளும் அடங்கும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஷரியா என்னும் அடையாளம் முதலீட்டின் நெறியை உரைக்கிறதே அன்றி, பாதுகாப்புக்கு உறுதி அளிப்பதில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்க்குத் தெளிவுறுத்துவது ஆசிரியர் கடமை என்பது நம் கருத்தாகும்.