கட்டிலுக்கு அடியில் ஓர் அடுப்பு

1959 மார்ச் 15. பம்பாய், கிர்காவ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் அப்பளம் இட உட்கார்ந்தார்கள். முதல் 80 ரூபாய். அதுவும் சமூக சேவகர் சகன்லால் பாரேக்கிடம் வாங்கிய கடன். அன்று தேறியது நான்கு பாக்கெட். புலேஷ்வரில் தெரிந்த வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார். இன்று பல்லாயிரம் பெண்களுக்குப் படியளக்கும் லிஜ்ஜத் அப்பளத்தின் தொடக்கம் இதுதான். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

80 ரூபாய் கோடிகளான கதையைக் கேட்டு எல்லோரும் வியக்கிறோம். வீட்டில் இட்லிப்பொடியோ ஊறுகாயோ போட்டு விற்கலாமா என்று யோசிக்கும் ஒருவருக்குக் கோடிகளால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது அந்த முதல் இரண்டு வருடங்களின் கதை.

முதல் வருடம் மழை வந்தது. வெயில் இல்லாமல் அப்பளம் காயாது. நான்கு மாதம் தொழில் அப்படியே நின்றது. அடுத்த மழைக்காலத்துக்கு அவர்கள் வாங்கியது ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டினார்கள். மழையிலும் அப்பளம் காய்ந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. வேலை எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே மட்டும் பணத்தைப் போட்டார்கள். நம் ஊரில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் பலர், முதல் கடனை வாங்கியதும் பெயர்ப்பலகைக்கும் கண்ணாடிக் கதவுக்கும் செலவழித்துவிட்டு, மாவு அரைக்கும் இயந்திரம் பழுதாகும்போது கையைப் பிசைகிறார்கள். பார்க்கவே மனசு வலிக்கிறது.

இன்னொன்று. ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு தரத்தில் அப்பளம் இட்டார்கள். மட்டமானதைக் குறைந்த விலைக்குத் தருவதாக எண்ணம். பாரேக் தடுத்தார். ஒரே தரம், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றார். உடைந்த அப்பளம் அக்கம்பக்கத்தாருக்குப் போனது. முதல் வருட விற்பனை 6,196 ரூபாய். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆறு ரூபாய் வரை நமக்குத் தெரிகிறதென்றால், யாரோ ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள்!

கணக்கு என்றதும் பலர் பருப்பு, மிளகாய், எண்ணெய் விலையோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலிண்டர், பாக்கெட் கவர், வண்டிக்குப் போட்ட பெட்ரோல், திரும்பி வந்த சரக்கு, எல்லாவற்றுக்கும் மேல் தன் சொந்தக் கூலி? உங்கள் வேலையைச் செய்ய நாளைக்கு ஓர் ஆளை வைத்தால் அவருக்குச் சம்பளம் கொடுத்தும் லாபம் நிற்குமா என்று போட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் விலையை இன்றே ஏற்றுங்கள். ஆர்டர் பெருகிய பிறகு ஏற்றுவது மிகவும் கடினம்.

பல சிறு தொழில்களை முடக்குவது கடன் சரக்கு. கடைக்காரர் “அடுத்த லோடுக்குத் தர்றேன்மா” என்பார். பத்துக் கடையில் இப்படி நின்றால், விற்பனை ஓஹோவென்று இருக்கும், மறுநாள் உளுந்து வாங்கக் காசிருக்காது. லிஜ்ஜத்தில் காலையில் மாவு வாங்கிப்போகும் பெண், இட்ட அப்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும் கூலி வாங்கிவிடுவார். அன்றாடம் கூலி கொடுக்க வேண்டுமானால் அன்றாடம் காசு வர வேண்டும். ஆகவே ரொக்கம் தரும் இரண்டு கடையோடு தொடங்குங்கள். பழைய பாக்கி தீராமல் புதிய சரக்கை இறக்காதீர்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

பெரிய கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் சரக்குத் தருபவர்கள், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை முதலிலேயே முடித்துவிட வேண்டும், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கை ஏற்றுக்கொண்டவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. முறையிட அரசு இணையதளம் இருக்கிறது. அங்கே போவதற்குக் கையில் பில்லும், சரக்கு பெற்றதற்கு வாங்கியவர் போட்ட கையெழுத்தும் வேண்டும். முதல் பெட்டியை இறக்கும் அன்றே அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.