விபத்துக்குப் பிறகு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: கொல்லிமலைக்குத் திரும்பலாமா?

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளிக்கு வந்தால் கொல்லிமலை ஏற்றம் தொடங்கிவிடும். சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக் வைத்திருப்பவர்களுக்கும் கார் பிரியர்களுக்கும் இந்தச் சாலை மேல் ஒரு தனி மோகம். அதிலும் எம்ஜி, டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரி 1960களின் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் கையில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அந்தக் காரிலேயே ஒரு பெரிய விபத்தைச் சந்தித்து, எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து எழுந்தவருக்கு முன்னால் இருப்பது வேறு கேள்வி. மறுபடி அதில் உட்காரலாமா, இல்லை வித்துட்டு வேற வேலையைப் பார்க்கலாமா? வீட்டில் உள்ளவர்களின் பதில் நமக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, கார், உடம்பு, மனசு, பணம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இறங்கும்போதுதான் சோதனை

மலை ஏறும்போது எஞ்சின் சூடாகும், ரேடியேட்டர் கொதிக்கும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் சரியாகிவிடும். இறக்கம் அப்படி இல்லை. சுமார் 800 கிலோ எடையுள்ள கார் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். கணக்குப் போட்டால், 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பம் அது. கியரைக் குறைத்து எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தினால் ஒரு பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டினால் பெரும்பகுதி பிரேக் தலையில்தான் விழும்.

பழைய டிரம் பிரேக் சூடானால் டிரம் விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும். மிதிக்க மிதிக்கக் கார் நிற்காது. இன்னொரு வில்லன் பிரேக் ஆயில். இது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட்-3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். விபத்துக்குப் பிறகு ஒரு வருஷம் ஷெட்டில் நின்ற காரில் இருப்பது எந்த ஆயில் என்று யோசித்துப் பாருங்க. ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி உருவாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.

பயமும் பின்சக்கரமும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்க. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள். அதன் பிரிட்டிஷ் மூலமான டிரயம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கிச் செய்ததுதான் 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர். பின்பக்கம் 'ஸ்விங் ஆக்சில்'. வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலைச் சட்டென்று எடுத்தால் காரின் பின்பகுதி மேலெழும். வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுழலும். 1970இல் வந்த மார்க்-4 மாடலில் இதைப் பெருமளவு சரிசெய்தார்கள். நம்ம ஊரில் ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்ட் கஸெல் காரில் ஸ்விங் ஆக்சிலையே கைவிட்டுவிட்டார்கள்.

விபத்தில் சிக்கியவரின் கால் வளைவைக் கண்டதும் என்ன செய்யும்? ஆக்சிலேட்டரில் இருந்து சட்டென்று விலகும். எந்தச் செயலை இந்தக் கார் மன்னிக்காதோ, அதையே பயம் செய்யவைக்கும். 'தைரியம் வந்தால் ஓட்டிக்கலாம்' என்பது அதனால்தான் பாதி உண்மை. வளைவுக்கு முன்பே நேர்ச் சாலையில் வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடி போகும் பழக்கம் காலுக்கு மறுபடி வர வேண்டும். அதற்கு இடம் கொல்லிமலை இல்லை. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி எதிரே லாரி வராத ஒரு தடம்.

உடம்பு என்ன சொல்கிறது?

வலது கணுக்கால் முறிந்து அறுவை சிகிச்சை செய்தவர்களின் பிரேக் மிதிக்கும் வேகம் இயல்புக்குத் திரும்ப ஒன்பது வாரம் ஆனது என்று 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அது இன்றைய சாதாரண காரை வைத்து யோசிக்க வேண்டிய கணக்கு. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் பிரேக்குக்கு சர்வோ கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. தோள்பட்டை முறிந்தவர் ஒரு கொண்டை ஊசி வளைவைத் திருப்பிவிடுவார், எழுபதைத் திருப்புவது வேறு. டாக்டரிடம் 'கார் ஓட்டலாமா?' என்று மட்டும் கேட்காதீங்க. எந்தக் கார், எந்தச் சாலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.

ஏர்பேக், ஏபிஎஸ் இல்லை என்பது தெரிந்ததுதான். பல மாடல்களில் மூன்று முனை சீட் பெல்ட்டும் இருக்காது. வோல்வோ அதை அறிமுகப்படுத்தியதே 1959இல்தான். ஸ்டீயரிங் தண்டு மோதலில் மடங்கும் வகையா, நெஞ்சை நோக்கி வரும் வகையா என்று பாருங்க. பழமை கெடும் என்று பெல்ட் மாட்ட மறுக்கிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.

மனசுக்கு வருவோம். விபத்து கனவில் திரும்ப வருகிறது, ஹாரன் கேட்டாலே உடம்பு உதறுகிறது என்றால் அதற்குச் சிகிச்சை இருக்கு. பயந்த சூழலைச் சிறிது சிறிதாகப் பழக்கும் முறையை மனநல மருத்துவர்கள் கையாள்கிறார்கள்.

மாஸ் கதை

இதில் எல்லாருமே படிக்க வேண்டிய வாழ்க்கை பிரிட்டிஷ் பந்தய வீரர் ஸ்டெர்லிங் மாஸுடையது. 1962 ஏப்ரல் 23 அன்று குட்வுட் களத்தில் அவருடைய லோட்டஸ் மோதி நொறுங்கியது. ஒரு மாதம் கோமா, ஆறு மாதம் இடதுபக்கம் பாதி செயலிழப்பு. அடுத்த ஆண்டு தனியாக ஒரு சோதனை ஓட்டம் போனார். காரை ஓட்ட முடிந்தது, ஆனால் முன்பு தானாக நடந்ததையெல்லாம் இப்போது யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. அன்றே ஓய்வு முடிவெடுத்தார். அவசரப்பட்டுவிட்டோமோ என்று பிற்பாடு அவரே சொன்னதுண்டு.

பிறகு கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களுக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஓட்டினார். 2011 ஜூனில் லே மான்ஸில் ஒரு பழைய போர்ஷே காரில் தகுதிச் சுற்று ஓடிவிட்டு, இன்று எனக்கே பயமாகிவிட்டது என்ற பொருளில் சொல்லி நிறுத்திக்கொண்டார். அப்போது வயது 81.

நம்ம ஊர் உதாரணம் அஜித்குமார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதியது. சில நாளில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஆனால் அது ரோல் கேஜ், ஹெல்மெட், மருத்துவக் குழு எல்லாம் உள்ள உலகம். அதைப் பார்த்து 1965 மாடலில் மலையேறக் கிளம்பக் கூடாது.

காரைக் காப்பாற்ற முடியுமா?

இங்கேதான் பலருக்கு இடி விழும். வழக்கமான மோட்டார் பாலிசியில், ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. ஐந்து வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு ஐடிவி என்பது நீங்களும் கம்பெனியும் பேசி முடிவுசெய்யும் தொகை. பிரீமியம் குறையட்டும் என்று குறைவாகப் போட்டிருந்தால், டிங்கரிங், பெயிண்டிங்கோடு முடியும் அடிக்கே கார் 'செத்துப்போனதாக' ஆகிவிடும். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி என்றால் மாற்றும் உலோக பாகங்களில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழியும். முன்கூட்டியே பேசிய மதிப்பை அப்படியே தரும் 'அக்ரீட் வேல்யூ' பாலிசியை இந்திய மோட்டார் டேரிஃப் 1940க்குள் தயாரான, சான்று பெற்ற வின்டேஜ் கார்களுக்கு மட்டுமே அனுமதித்தது. 1960களின் ஸ்போர்ட்ஸ் கார் அந்த வரையறைக்கு வெளியே.

நம்ம மிஸ்டர் பீன், ரோவன் அட்கின்சன் கதை இதற்கு நேர் எதிர். 1997இல் 6.4 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய மெக்லாரன் எஃப்1 காரை 2011இல் மரத்தில் மோதினார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. ரிப்பேருக்கு இன்சூரன்ஸ் சுமார் 9.1 லட்சம் பவுண்டு கொடுத்தது. வாங்கிய விலையைவிட அதிகம். காரின் சந்தை மதிப்பு அதற்குள் பல மடங்கு ஏறியிருந்ததால் கம்பெனிக்கு அதுவே லாபம். சரிசெய்து, மறுபடி ஓட்டி, 2015இல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார்.

சட்டப் பக்கமும் ஒரு கண்ணி இருக்கு. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவில் உள்ள வண்டிகள் 'விஏ' எழுத்துடன் வின்டேஜ் பதிவு பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. விபத்துக்குப் பிறகு வேறு சேசிஸ் போட்டால் இந்த வாய்ப்பே கேள்விக்குறிதான். தவிர, விஏ நம்பர் வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போன்ற தேவைகளுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை உல்லாசப் பயணம் அந்தப் பட்டியலில் இல்லை. சாதாரணப் பதிவை ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருப்பவர்கள் அதை விட்டுக்கொடுக்கும் முன் யோசிக்கட்டும்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு பிடிவாதம் பிடிங்க: வளைந்த ஸ்டீயரிங் பாகத்தைச் சூடாக்கி நிமிர்த்த விடாதீங்க. புதுசு போடுங்க. கிடைக்காத பாகம் என்றால் சாய ஊடுருவல் சோதனையில் முடி அளவு விரிசலும் தெரிந்துவிடும், செலவும் பெரிதில்லை.

எல்லாம் முடிந்து கிளம்புகிற நாள் வந்தால், ஏறுவதை ஒரு நாள், இறங்குவதை மறுநாள் என்று வைத்து செம்மேட்டில் தங்கிவிடுங்க. அதிகாலையில் இறங்கினால் பஸ் நெரிசல் குறைவு. ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, நின்று வழிவிடுங்க. காரவள்ளி வந்ததும் உடனே ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீங்க. சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது ஷூவை இறுக்கிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, டீ குடிச்சிட்டு வாங்க.