இக்கரைப் பேனாவும் அக்கரைப் பேனாவும்

ஸ்ரீரங்கத்துப் பெருமாள் தெற்கே திருமுகம் வைத்துப் பள்ளிகொண்டிருப்பது விபீஷணனுக்குக் கொடுத்த வாக்கினால் என்பார்கள். அன்றிலிருந்தே இந்த ஊருக்கு இலங்கை மீது ஒரு கண்! இன்று திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு.

அப்படிச் சேவிக்க வந்த ஒரு பெரியவரை உத்தர வீதியில் சிநேகிதி வீட்டில் சந்தித்தேன். கொழும்பில் பல வருஷம் தமிழ்ப் பத்திரிகையில் உழைத்து ஓய்வு பெற்றவர். சிநேகிதியின் பெண்ணுக்கோ நிருபராக வேண்டுமென்று ஆசை.

"நீங்களே சொல்லுங்கோ. பொண்ணை இந்த வேலைக்கு அனுப்பலாமா?" என்று காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள் சிநேகிதி.

"இதே கேள்வியை என்ர மனைவி முப்பது வருஷம் கேட்டவ, அம்மா" என்று சிரித்தார் பெரியவர்.

இரு நாட்டுக் கதையையும் பேசினோம். இலங்கையில் 1973-ல் 'லேக் ஹவுஸ்' பத்திரிகை நிறுவனத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு வந்த பத்திரிகைச் சபைச் சட்டம் சிறைத் தண்டனைக்கும் இடம் வைத்தது. 1966-ல் பிறந்த நம் பிரஸ் கவுன்சிலோ எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். ஜெயிலில் போட முடியாது.

"அப்பாடா, நம்ம ஊர் தேவலை!" என்றாள் சிநேகிதி.

அவசரப்படக்கூடாது. 1975-ல் நெருக்கடி நிலை வந்து தணிக்கையும் வந்தபோது, 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்க இடத்தைக் காலியாகவே விட்டு அச்சிட்டது. பிரஸ் கவுன்சிலும் கலைக்கப்பட்டு, 1979-ல்தான் மீண்டும் அமைந்தது. 1987-ல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக, 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டசபை 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விடுதலையானார். சிரிக்க வைத்ததற்கும் சிறை!

அவதூறுக்கு ஜெயில் என்ற சட்டத்தை இலங்கை 2002-ல் நீக்கிவிட்டது. இங்கே அது செல்லும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

"சட்டத்தில் நாங்கள் முந்திவிட்டம். ஆனால் உயிருக்கு?" என்ற பெரியவரின் குரல் தழைந்தது. யாழ்ப்பாணத்தில் 2006 மே 2-ந் தேதி 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2009 ஜனவரியில், அலுவலகம் போகும் வழியில் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். நாமும் மார்தட்ட முடியாது. 2017-ல் பெங்களூரில் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டார்.

சிநேகிதியின் முகம் வெளுத்துவிட்டது.

"சரி, பத்திரிகைக்காரர் தப்புப் பண்ணினா?" என்று பேச்சை மாற்றினாள்.

அதற்கும் வழியுண்டு. இலங்கையில் 2003 முதல், பத்திரிகை உலகத்தாரே அமைத்த முறைப்பாட்டு ஆணைக்குழு வாசகர் புகாரைக் கேட்டுத் திருத்தம் போடச் சொல்கிறது. இங்கே முதலில் ஆசிரியருக்கு எழுதி, அவர் மசியாவிட்டால் பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாம். அடுப்படியிலிருந்தும் எழுதலாம், தடையில்லை!

"ஆனால் அம்மா, சின்னச் சோதனைகள்தான் பெரிசு" என்றார் பெரியவர். "கூட்டம் முடிந்ததும் ஒருத்தர் கவர் நீட்டுவார். அதை வாங்கினால் பிறகு நாங்கள் எழுதுவது அவருடைய எழுத்து. துயரப்பட்ட வீட்டில் ஒரு பெண் பிள்ளையின் படம் கிடைக்கும். போட்டால் பத்திரிகை விற்கும், அந்தப் பிள்ளை என்ன ஆவாள்? இரண்டு நாட்டிலும் பரீட்சை ஒன்றுதான்."

சற்று நேரம் கூடத்தில் பேச்சில்லை. சிநேகிதி பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"கவர் நீட்டினா என்னடி பண்ணுவே?"

"வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"அந்தப் படம்?"

"போட மாட்டேன். போடச் சொன்னா வேலையை விட்டுட்டு வந்துடுவேன். சோறு போடுவியோன்னோ?"

"போடறேன்" என்றாள் தாயார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ராத்திரி லேட்டானா மட்டும் போன் பண்ணு."