ஒருமுறை சொன்னால் போதும்

எஸ்தோனியாவில் குழந்தை பிறந்தால் குடும்ப உதவித்தொகைக்குப் பெற்றோர் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. மக்கள்தொகைப் பதிவேட்டில் பிறப்பு ஏறியதும், உதவித்தொகை வழங்கும் துறைக்குச் செய்தி போய்விடும். 'உங்களுக்கு இன்ன தொகை உண்டு, எந்தக் கணக்கில் போடட்டும்?' என்று அரசே கேட்கும். 2019 முதல் இதுதான் நடைமுறை. நகலுக்குச் சான்றொப்பம் தேடி அலைந்து பழகிய நமக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

பால்டிக் கடலோரத்தில் சுமார் 13 லட்சம் பேர் வாழும் நாடு அது. 1991-ல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டபோது பணமும் இல்லை, ஊருக்கு ஊர் அலுவலகம் திறக்க ஆட்களும் இல்லை. கணினியை நம்புவது அவர்களுக்குச் சிக்கன நடவடிக்கை.

நாம் பார்க்கும் இணையதளம் வெறும் முகப்பு. வேலை நடப்பது பின்கட்டில். 2001-ல் தொடங்கிய 'எக்ஸ்-ரோடு' என்ற அமைப்பு அது. மருத்துவத் தகவல் சுகாதாரத் துறையிடமும் வரித் தகவல் வரித்துறையிடமும் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் கொட்டிவைக்கும் கிடங்கு கிடையாது. ஒவ்வொரு துறையின் வாசலிலும் ஒரு பாதுகாப்பு சர்வர் நிற்கிறது. ஒரு துறைக்குத் தகவல் வேண்டுமென்றால், அதன் சர்வர் கேள்வியை மறையாக்கம் செய்து, மின்கையொப்பமிட்டு, நேராக மற்ற துறையின் சர்வருக்கு அனுப்பும். பதிலும் அப்படியே திரும்பும். இரு முனையிலும் நேரத்துடன் பதிவு விழும். மைய சர்வர் ஒன்று உண்டு. யார் யார் உறுப்பினர் என்ற பட்டியல் அதனிடம் இருக்கும், குடிமக்களின் தகவல் அதன் வழியே போகாது.

இதற்குத் துணையாகச் சட்டமும் இருக்கிறது. ஒரு துறை திரட்டிய விவரத்தையே திரட்ட இன்னொரு துறை தனித் தரவுத்தளம் தொடங்கக் கூடாது. என் விவரத்தை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்பதைப் பல பதிவேடுகளில் குடிமகனே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிற நாடுகள் முதலில் நகலெடுக்க வேண்டியது இதைத்தான் என்பேன். சர்வரைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம்.

எல்லாவற்றுக்கும் திறவுகோல் அடையாள அட்டை. அதன் சிப்பில் இரண்டு ரகசியச் சாவிகள்: ஒன்று உள்ளே நுழைய, மற்றது கையெழுத்துப் போட. இரண்டுக்கும் தனித்தனிப் பின் எண். 2017-ல் இங்கேதான் ஓட்டை விழுந்தது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணை ஊருக்கே காட்டலாம். அதைப் பகுத்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது கணினிக்கும் ஆகாத காரியம் என்பதுதான் அந்தச் சாவிகளின் பலம். சிப்போ நேரத்தை மிச்சப்படுத்தப் பகா எண்களைக் குறுக்குவழியில் தேர்ந்தெடுத்திருந்தது. எனவே பகுப்பது, செலவு பிடிக்கும் வேலைதான் என்றாலும், சாத்தியமாகிவிட்டது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். பாதிக்கப்பட்டவை சுமார் ஏழரை லட்சம் அட்டைகள்.

புதிய கணித முறைக்கு மாறும் மென்பொருள் தயாரானது. வீட்டிலிருந்தே புதுப்பிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் முயன்றதில் அமைப்பு திணறியது. அட்டை வழங்கும் காவல்துறை அலுவலகங்களில் வரிசை நீண்டது. நவம்பரில், புதுப்பிக்காத அட்டைகளின் மின்சான்றுகள் முடக்கப்பட்டன.

ஆனால் அரசு இந்த ஓட்டையை செப்டம்பர் தொடக்கத்திலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் இருந்தது. இணைய வாக்குப்பதிவை நிறுத்தவில்லை. விவகாரம் தெரிந்த பிறகும், பதிவான வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இணையம் வழியாகவே வந்தது.