பதிவேட்டில் உங்கள் பிள்ளையின் பெயர்

சென்னிமலைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஈரோட்டிலோ கோவையிலோ கல்லூரியில் கால் வைக்குமுன்பே, அவனைப் பற்றிய விவரங்கள் கணினியில் இடம்பெற்றுவிடுகின்றன. இதனை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசின் 'எமிஸ்' தொகுப்பில் தனி எண் உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு 'யூமிஸ்' தொகுப்பு உண்டு. 2022 செப்டம்பர் 5இல் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9இல் கோவையில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கின. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயின்றோருக்கு, உயர்கல்வியின்போது மாதந்தோறும் 1000 ரூபாயை வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது இவற்றின் ஏற்பாடு. பயின்றதற்குச் சான்று, பதிவேடே.

இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும். 'முஹம்மது' என்னும் பெயரை ஆங்கிலத்தில் நால்வர் நான்கு விதமாக எழுதுவர். சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று! மனிதர் ஒரே பெயராக வாசிப்பார். கணினியோ வேறு வேறு ஆட்களாகக் கொள்ளக்கூடும். ஆகவே, பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுமுன்பே பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

கல்லூரி நடத்துவோருக்கும் ஒரு சொல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், 2012இல், மாணவர் தடுமாறுவதைக் காட்டும் 800க்கு மேற்பட்ட அறிகுறிகளைக் கணினியால் கவனிக்கத் தொடங்கியது. அறிகுறி தென்பட்டதும் ஆலோசகர் மாணவரை அழைத்துப் பேசினார்; பயன் அதனால் விளைந்தது. வருகை குறைந்ததைக் கணினி சொல்லும். தறி நின்றதால் பையன் கூலிக்குப் போனான் என்பதை அன்புடன் கேட்டறிய ஓர் ஆசிரியர் வேண்டும்.