கன்றுக்குக் காசு வரும், மூணாவது கோடைக்கு?

வைகாசி மாசம் எண்ணூர்ப் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து நாலு பசங்க மீஞ்சூர்ப் பக்கம் இருக்கும் என் தோட்டத்துக்கு வந்தார்கள். நான் திருவொற்றியூர்க் கிளையில் ஆறு வருஷம் கடன் பைல் பார்த்தவன் என்பது அவர்களில் ஒருவனின் அப்பாவுக்குத் தெரியும். கையில் ஒரு திட்ட அறிக்கை. குப்பத்துக்கும் சாம்பல் பறக்கும் ரோட்டுக்கும் நடுவே மரம் வைக்கணும், 300 கன்று, 1,80,000 ரூபாய். "சார், யார்கிட்ட கேட்டா கிடைக்கும்?" என்றார்கள்.

நம் இயக்கத்து நண்பர்களும் இதே கேள்வியை அடிக்கடி கேட்கிறீர்கள். அதனால் அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

மரத்துக்குப் பணம் தருவது புதுசு இல்லை. 1981-இல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் வந்து, ஏரிகளுக்குள் கருவேலம் நட்டார்கள். 1997-இல் ஜப்பான் கடனில் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது, கிராம வனக்குழுக்கள் அமைத்தார்கள். 2022 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், 23.69 சதவீதமாக இருக்கும் பசுமைப் பரப்பை 33 ஆக்கப் போகிறோம் என்கிறது. சொந்த நிலம் உள்ள விவசாயிக்கு 2021-22-இல் வந்த பசுமைப் போர்வைத் திட்டம் சுலபமானது. உழவன் செயலியில் பதிந்தால் கன்று இலவசம். உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு இரண்டாம் வருஷம் முதல் வருஷம் 7 ரூபாய், மூன்று வருஷத்துக்கு. தொகை சின்னதுதான். ஆனால் நட்டதற்கு இல்லாமல் பிழைத்ததற்குக் காசு என்கிற யோசனை எனக்குப் பிடித்தது.

குப்பத்துப் பசங்களுக்கு அந்த வழி கிடையாது, நிலம் அவர்களுடையது இல்லை. அந்தப் பக்கம் ஒரு காணி துறைமுகத்துடையது, அடுத்தது மின்வாரியம், அதற்கு அடுத்தது உப்பு இலாகா, மிச்சம் புறம்போக்கு. யாருடைய நிலம் என்று தெரியாமல் நட்ட மரத்தை நாளைக்கே ஜேசிபி வந்து தள்ளும், கேட்க நாதி இருக்காது. எனவே முதல் காகிதம் தடையின்மைச் சான்று. கழிமுகத்து ஓரமாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்து, பணம் எங்கே? அந்தத் தொழிற்பேட்டையில் இதற்குப் பதில் கண்ணெதிரே புகைபோக்கியாக நிற்கிறது. 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் எது ஒன்றைத் தொட்ட கம்பெனியும் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடணும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் குப்பத்து மன்றத்தின் கையில் நேராகக் கொடுத்துவிட முடியாது. 12ஏ, 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளையோ சங்கமோ வேண்டும், மூன்று வருஷ அனுபவம் வேண்டும், சிஎஸ்ஆர்-1 படிவம் பதிந்திருக்க வேண்டும். நம்ம உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இந்தக் கணக்கில் வராது, பயனாளியாகத்தான் நிற்கலாம். பசங்க ஒரு பழைய அறக்கட்டளையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்கணும், வாங்கியவர் அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. சின்னக் குழுக்கள் அந்தப் பக்கம் போய்த் தலையைக் கொடுக்க வேண்டாம்.

இப்போது பட்ஜெட்டுக்கு வருகிறேன். அவர்கள் போட்ட கணக்கு இது: கன்று, குழி, வேலிக்கு 1,20,000. தொடக்க விழா, பேனர், டீ சர்ட்டுக்கு 35,000. தண்ணீர், காவலுக்கு 25,000. பேங்கில் நான் பார்த்த பாதி மானியத் திட்டங்கள் இப்படித்தான் இருந்தன, முதல் நாள் கல்யாணம், மறுநாள் பட்டினி. உப்பு மண்ணில், அனல்காற்றில், கன்று முதல் கோடையைத் தாண்டுவது பெரிசு இல்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூணாவது கோடையில் தண்ணி லாரிக்குக் காசு இருக்காது, போட்டோ எடுக்கவும் ஆள் வராது. அங்கேதான் சாகும்.

உட்கார்ந்து திருப்பிப் போட்டோம். 300-ஐ 200 ஆக்கினோம், அதற்கு 80,000. தண்ணீருக்கு 40,000. குப்பத்திலேயே ஒரு அம்மாவுக்கு மாசம் 2,000 வீதம் 30 மாசம் பராமரிப்புச் சம்பளம், 60,000. விழாவுக்குச் சைபர். மொத்தம் அதே 1,80,000. வேம்பு, புங்கன், பூவரசு, புன்னை மட்டும். "அலையாத்தி வைக்கலாமா?" என்று கேட்டான் ஒருத்தன். அது அலை ஏறி இறங்கும் இடத்துக்கான மரம். முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே வந்து போக வழி செய்த பிறகுதான் நட்டார்கள். ரோட்டோரத்தில் வராது.

காலம் இன்னொரு சிக்கல். கம்பெனிக்குக் கணக்கு மார்ச் 31-இல் முடியும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் அவசர அவசரமாகப் பணம் வரும், ஏப்ரலில் நடுவார்கள், கத்திரியில் காயும். நமக்கு நடவு ஐப்பசி மழைக்கு. ஆகவே ஜூன், ஜூலையிலேயே விண்ணப்பம் போய்ச் சேரணும். அதோடு "தொடர் திட்டம்" என்று வகைப்படுத்தக் கேளுங்கள். தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று வருஷம் வரை ஓடலாம், செலவாகாத பாக்கியைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க விதி இருக்கிறது. அக்டோபரில் நட்டால் மூன்று கோடையும் உள்ளே வந்துவிடும். இந்த ஒரு விதி தெரியாமல் எத்தனை கன்று செத்திருக்கும்!

ஆனியில் விண்ணப்பம் போனது. ஆவணியில் ஒப்பந்த நகல் வந்தது. அதற்குள் குப்பத்தில் சண்டை. "புகை விடுறவன் காசுலயா நாம மரம் வைக்கணும்? நாளைக்கு ஆத்துல எண்ணெய் மிதந்தா யாரு பேசுவா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்ததைப் பார்த்தவர் அவர். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் கருத்து: சட்டப்படி தர வேண்டிய பணம், வாங்கலாம், ஆனால் வாயை அடகு வைக்கக் கூடாது. நகலை வரி வரியாகப் படித்தோம். 11-ஆம் பத்தியில், கம்பெனியின் பெயருக்குக் குந்தகமான எதையும் அமைப்போ பயனாளிகளோ பேசவோ எழுதவோ கூடாது என்று இருந்தது. அதாவது அறக்கட்டளை மட்டும் இல்லை, குப்பமே பேசக் கூடாது.

அந்தப் பத்தியை அடித்தால் கையெழுத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். இன்னும் பதில் இல்லை, ஐப்பசி நெருங்குகிறது. பெரியவர் சும்மா இருக்கவில்லை. சின்னப் பசங்களைக் கூட்டிக்கொண்டு என் வரப்போரம் விழுந்து கிடந்த பனங்கொட்டைகளைப் பொறுக்கினார், மூன்று சாக்கு. தடையின்மைச் சான்று கிடைத்த துண்டில் அதை ஊன்ற ஆரம்பித்திருக்கிறார்கள்.