மோட்டார் சைக்கிள் சட்டகத் தூள்பூச்சுச் சீரமைப்பு

தூள்பூச்சுச் சீரமைப்பு என்பது மோட்டார் சைக்கிளின் சட்டகத்தில் உள்ள தூள்பூச்சு கல் பட்டோ உராய்ந்தோ பெயர்ந்துவிடும்போது, வெளிப்பட்ட உலோகத்தைத் தூய்மை செய்து மீண்டும் மூடும் செயன்முறை ஆகும். பட்டறைகளில் இப்பூச்சு பவுடர் கோட்டிங் என்றும், சட்டகம் பிரேம் அல்லது சேசிஸ் என்றும் அழைக்கப்படுகின்றன. பெயர்ந்த இடம் சிறிதாயினும் அது வெறும் அழகுக் குறை அன்று. எந்திரம், சக்கரங்கள், ஓட்டுநர் ஆகிய அனைத்தின் சுமையையும் தாங்குவது சட்டகமே. ஆகையால் பூச்சின் அடியில் பரவும் துருவும், பூச்சு மறைத்து நிற்கும் வெடிப்பும் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியவை.

பூச்சின் தன்மை

தூள்பூச்சில் நீர்மக் கரைப்பான் இல்லை. எப்பாக்சி, பாலியெஸ்டர் முதலிய பிசின்களும் நிறமிகளும் கலந்த நுண்தூள், நிலைமின்னேற்றம் பெற்று, புவியிணைப்புச் செய்யப்பட்ட உலோகத்தின் மீது தெளிக்கப்படுகிறது. பின்னர் சூளையில் ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியசு வெப்பநிலையில் 10 முதல் 20 நிமிடங்கள் வைக்கப்படும்போது, தூள் உருகிப் பரவி, மூலக்கூறுகளிடையே குறுக்குப் பிணைப்புகள் தோன்றி இறுகுகிறது. படலத்தின் தடிப்பு பொதுவாக 60 முதல் 120 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்.

இவ்வாறு ஒருமுறை இறுகிய படலம் மீண்டும் உருகாது. எனவே பெயர்ந்த இடத்தின் ஓரத்தைச் சூடேற்றி, பூச்சை உருக்கி மூட இயலாது; அவ்வாறு செய்தால் அது நிறம் மாறிக் கருகும். புதிய தூளை அவ்விடத்தில் மட்டும் இட்டாலும், அதை இறுகச் செய்ய முழுச் சட்டகத்தையும் சூளையில் வைக்கவேண்டும். இதனாலேயே சிறு சேதங்கள் நீர்ம வண்ணப்பூச்சால் சீரமைக்கப்படுகின்றன.

பெயர்வதற்கான காரணங்கள்

முன்சக்கரம் எறியும் கற்கள் சட்டகத்தின் முன்குழாயைத் தாக்குகின்றன. கைப்பிடி திரும்பும்போது கேபிள்கள் கழுத்துப் பகுதியில் உராய்கின்றன. ஸ்பேனர் நழுவுவதாலும், பூசும் முன் உலோகம் சரியாகத் தூய்மை செய்யப்படாததாலும் பூச்சு பெயர்வதுண்டு.

பெயர்ந்த ஓரத்தின் வழியே ஈரம் படலத்தின் அடியில் புகுகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிகக் கனவளவைக் கொள்வதால், படலத்தை மேலும் தூக்கிவிடுகிறது. மேலே பளபளப்பு குறையாதிருக்க, அடியில் அரிமானம் தொடரும். கடலோர உப்புக் காற்று இதனை விரைவுபடுத்துகிறது. அலுமினியச் சட்டகங்களில் செந்துரு தோன்றாது. வெண்ணிறத் தூளோ, படலத்தின் அடியில் புழு ஊர்ந்தது போன்ற கோடுகளோ காணப்படும்.

முதலில் ஆராய வேண்டியவை

கல் படாத இடத்தில், குறிப்பாகப் பற்றவைப்பின் அருகில், பூச்சு கோடு போலப் பிளந்திருந்தால் உலோகத்தில் வெடிப்பு இருக்கலாம் என ஐயுறவேண்டும். பூச்சை நீக்கிய பின் ஊடுருவு சாயச் சோதனையால் இதனை அறியலாம். செந்நிறச் சாயத்தைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பைத் துடைத்து, வெண்ணிற வெளிக்காட்டியைத் தெளித்தால், வெடிப்பு இருப்பின் அது சிவந்த கோடாகத் தெரியும். வெடித்த சட்டகத்தின் மீது வண்ணம் பூசுவது குறையை மறைப்பதே அன்றித் தீர்ப்பதன்று. அத்தகைய வண்டியை ஓட்டக்கூடாது. துரு ஆழமாக அரித்துக் குழாயின் சுவர் மெலிந்திருந்தாலும் இவ்வாறே.

சீரமைக்கும் முறை

1. மின்கல இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை அகற்றவேண்டும். சவர்க்கார நீரால் கழுவி உலர்த்தி, எண்ணெயையும் மெழுகையும் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைக்கவேண்டும். சிலிக்கோன் மெருகு எஞ்சியிருந்தால் புதிய வண்ணம் குழிகுழியாக விலகும்.
2. தளர்ந்த படலத்தைக் கத்தியால் நெம்பி, உறுதியாக ஒட்டிய ஓரம் வரும்வரை நீக்கவேண்டும். துரு எதிர்பார்த்ததைவிட அதிகம் பரவியிருப்பது பெரும்பாலும் இப்போதுதான் தெரியவரும்.
3. 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் துருவை அகற்றி, 240, 400 எண் தாள்களால் ஓரத்தைச் சரிவாக்கவேண்டும். விரலால் தடவினால் படி தட்டக்கூடாது.
4. எஃகின் குழிகளில் எஞ்சும் துருவுக்குப் பாசுபாரிக் அமிலத் துரு நீக்கியைப் பயன்படுத்தி, அதன் உறையில் குறித்தபடி கழுவி உலர்த்தவேண்டும்.
5. அன்றே இருகூறு எப்பாக்சி பிரைமரைப் பூசவேண்டும். ஈரக்காற்றில் வெற்று எஃகு சில மணிநேரத்திலேயே துருப்பிடிக்கக்கூடும். அலுமினியத்துக்கு அதற்கேற்ற பிரைமர் தேவை.
6. பள்ளம் இருந்தால் பிரைமரின் மேல் மெல்லிய பட்டி இட்டுத் தேய்க்கலாம்.
7. வண்ணத்தைப் பல மெல்லிய பூச்சுகளாக இடவேண்டும். எப்பாக்சி வெயிலில் சிதைவதால் மேற்பூச்சு இன்றியமையாதது. தூள் நிறங்கள் பலவும், 1927-இல் செருமனியில் தொடங்கிய ரால் நிற எண்களால் குறிக்கப்படுகின்றன. ஆயினும் வெயிலில் மங்கிய பழைய பூச்சுடன் நிறம் முற்றிலும் பொருந்துவது அரிது.

முழுமையாக மீண்டும் பூசுதல்

பல இடங்களில் படலம் தூக்கியிருந்தால், சட்டகத்தைத் தனியே கழற்றி, பழைய பூச்சை வேதிப்பொருளாலோ மணல்வீச்சாலோ நீக்கி மீண்டும் தூள்பூச்சு இடுவதே நன்று. கழுத்துத் தாங்கி அமரும் பரப்புகள், மரைகள், மின்சுற்றின் புவியிணைப்புப் புள்ளிகள் ஆகியவற்றை முன்னரே மூடவேண்டும். சாதாரணப் பாலியெஸ்டர் பட்டி சூளை வெப்பத்தைத் தாங்காது. வெப்பப் பதப்படுத்திய அலுமினியச் சட்டகங்களின் பழைய பூச்சை உயர்வெப்பச் சூளையில் எரித்து நீக்கக்கூடாது. உலோகத்தின் வலிமை குன்றும்.

சட்டகத்தில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண் இந்தியாவில் பதிவுச் சான்றிதழிலும் இடம்பெறுகிறது. மிகையான மணல்வீச்சோ தடித்த பூச்சோ அதனை அழிக்கவோ மறைக்கவோ கூடாது. வேலைக்கு முன் அதனை ஒளிப்படம் எடுத்து வைத்தல் நலம்.

பாதுகாப்பு

இருகூறு பாலியூரித்தேன் வண்ணங்களின் இறுக்கியில் உள்ள ஐசோசயனேட்டுகள் ஆத்துமாவை உண்டாக்கக்கூடியவை. துணி முகமூடி இவற்றைத் தடுக்காது. தூய காற்றைக் குழாய்வழி வழங்கும் முகக்கவசம் இல்லாதவர்கள் இவற்றைத் தெளிக்கும் பணியைப் பட்டறையிடம் விடுதல் வேண்டும்.